விசிலை வீணாக்காதே

விசிலைப் பல்லில் கவ்விக்கொண்டு வயல்வாசலில் நின்றாள் ஹேசல். இன்னும் ஊதவில்லை.

மேட்டில், கல்சுவரை ஒட்டி, அவளுடைய நாய் கிப், பக்கத்துப் பண்ணைக்காரர் ஐசக்கின் ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தது.

குட்டி போட்ட இரண்டொன்று தவிர எல்லாம் சினையாடுகள். கடிக்கக்கூட வேண்டாம், இப்படி நாலு சுற்று ஓடவிட்டாலே கரு கலைந்துவிடும். ஆடுகள் ஈனும் காலத்தில், இங்கிலாந்தின் கம்பிரியா மலையில், நாயை அவிழ்த்துவிடுகிறவளுக்குப் புத்தி இருக்கிறதா என்றுதான் யாரும் கேட்பார்கள். ஆனால் நேற்றுவரை அந்த வயல் காலியாகக் கிடந்தது. ஐசக் இன்று காலையில்தான் மந்தையை மாற்றி அடைத்திருக்கிறார். அது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஐசக் கொஞ்சம் தள்ளிச் சுவரில் முழங்கையை ஊன்றித் துப்பாக்கியை நீட்டியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. போன வருஷம் எவனோ சுற்றுலா வந்தவனின் நாய் புகுந்து, தொண்டை கிழிந்த ஆடுகளை ஒவ்வொன்றாக டிராக்டரில் அள்ளிப்போட்டவர். அன்றிலிருந்து நாய் என்றாலே அவர் துப்பாக்கியை எடுத்துவிடுவார்.

“கூப்பிடும்மா ஹேசல். தலையைத் திருப்புச்சுன்னா போதும், சுடமாட்டேன். உனக்காகச் சொல்றேன்.”

ஊதவேண்டியதுதானே? அங்கேதான் வந்தது வினை.

கிப் ஒரு லர்ச்சர். பாதி கிரேஹவுண்ட், பாதி ஆட்டுநாய். ஓடுகிற எதையாவது கண்டால் காது அடைத்துப்போகிற சாதி. நாயை விட்டு முயலைத் துரத்திப் பந்தயம் கட்டுகிறவர்கள், கால் பிசகியதும் நெடுஞ்சாலை ஓரம் இறக்கிவிட்டுப் போன நாய் அது. கைவிட்ட நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விவியன்தான் அதை ஹேசலிடம் ஒப்படைத்தாள். ஒப்படைக்கும்போதே கண்டிப்பாகச் சொன்னாள்: “துரத்துற நாய்க்கு விசில் ஊதாதே. அதுக்குக் கேக்காது. ஊதி, அது வரலைன்னு வையி, அப்புறம் அந்த விசிலுக்கு மரியாதையே போயிடும். தானா நின்னு தலையைத் தூக்கும் பாரு, அப்ப ஊது.”

லர்ச்சர் பழக்குகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். ஹேசலுக்கு அது வேதவாக்கு. குளிர்காலம் முழுக்க, மழையிலும் சகதியிலும், நீளக் கயிற்றில் கட்டிப் பழக்கினாள். ஊதினால் மத்தி மீன் துண்டு, கழுத்தில் ஒரு தடவல். ஒரு விசிலைக்கூட வீணாக்கியதில்லை. கயிறில்லாமல் விட்டது இன்றுதான்.

“என்ன நிக்கிறே? ஊதித் தொலையேன்.”

“இருங்க ஐசக். அது நிக்கட்டும்.”

“அது நிக்கறதுக்குள்ள என் மந்தை செத்துரும்.”

ஆடுகள் மேல்மூலையில் போய் முட்டிக்கொண்டு நின்றன. ஓட இடமில்லை. கிப்பும் நின்றது. விலா ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

தலையைத் தூக்கியது.

இதுதான் அந்த நொடி. ஹேசல் மூச்சை இழுத்தாள்.

அதற்குள் அது கிளம்பிவிட்டது. நேரே கீழே, வாசலைப் பார்த்து, வந்த வேகத்தில் கண்ணுக்கே பிடிபடவில்லை. வாசலுக்கு முன்னால் உள்ள பள்ளத்தில், மிரண்டு ஓடிய தாய்கள் விட்டுப்போன குட்டிகள் இரண்டு மூன்று சுருண்டு படுத்திருந்தன.

அப்போதும் ஊதியிருக்கலாம். ஆனால் அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. குட்டிகளைக் குறிவைத்துத்தான் வருகிறது, இனி எந்த விசிலும் அதற்குக் கேட்காது என்று அவளே நினைத்துவிட்டாள். வளர்த்தவளே நம்பவில்லை, ஐசக் எப்படி நம்புவார்?

துப்பாக்கி வெடித்தது.

கிப் குப்புற விழுந்து, ஒருமுறை புரண்டு, அப்படியே கிடந்தது.

இருவரும் வாசலைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். ஐசக் குட்டிகளைப் பார்க்கத்தான் விரைந்தார். ஆனால் முதலில் எதிர்ப்பட்டது கிப்பின் உடல்தான். பள்ளம் அதற்கும் அப்பால், மேட்டுப் பக்கம் இருந்தது. குட்டிகள் எழுந்து நின்று தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தன. ஒன்றின்மேலும் ஒரு கீறல் இல்லை.

குட்டிகளைத் தாண்டி வந்திருக்கிறது. அவற்றுக்கு நடுவிலேயே புகுந்து, எதையும் திரும்பிப் பார்க்காமல் வந்திருக்கிறது. அதற்கும் வாசலுக்கும் இடையில் புல்லைத் தவிர வேறொன்றும் இல்லை.

யாரும் ஊதாமலே.

ஹேசல் உட்கார்ந்து, அதன் கழுத்தடியில் கையை வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது. அவளுக்கு ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது, அழுகை வரவில்லை.

ஐசக் நாயைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். மறுபடி நாயைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

“ஏம்மா,” என்றார், “உங்கிட்டயா வந்துச்சு?”

ஆமாம் என்றால் இந்த மனிதர் இனி நிம்மதியாகத் தூங்கமாட்டார். ஆமாம் என்றால், அப்புறம் ஏன் நீ ஊதலை என்றும் கேட்பார். இரண்டில் எதற்குப் பயந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“இல்லே ஐசக்,” என்றாள். “கூப்பிட்டாலே வராத நாய் இது.”

ஐசக் மூச்சை விட்டார்.

“அதானே,” என்றார்.