கூட்டுக்கு வழி

“மூணாவது தடவையா என்னைச் சேத்துல இறக்கிட்டீங்க! பறவையுமில்ல, ஒரு இறகுமில்ல!”

பறவை ஆர்வலர் சங்கத்தின் செயலாளர் போனில் கத்தினார். முழங்கால் வரை சேறு. தோளில் தொங்கிய கேமராவோ ஒரு பச்சைக் குழந்தை கனம்.

“அப்படியா சார்? அப்போ தண்ணித் தொட்டிக்குப் பின்னால பாருங்களேன்” என்றார் சங்கத்தில் படம் எடுப்பவர்களில் ஒருவரான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், நிதானமாக.

அந்த நிதானத்தைக் கேட்டுத்தான் செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாளை மறுநாள் சங்கத்தின் புகைப்படக் கண்காட்சி. முப்பது வருடமாக யார் கண்ணிலும் படாத ஒரு குருவி இந்தப் பக்கம் கூடு கட்டியிருப்பதைக் கடைக்காரர் வாய் தவறி உளறியிருந்தார். அதை நம்பி, ‘அபூர்வப் பறவையின் முதல் படம்’ என்று அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போட்டு, ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. படம் இல்லையென்றால் மானம் போய்விடும்.

தொட்டிக்குப் பின்னால் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

“தான் மட்டும் பேர் வாங்கணும்! அடுத்தவன் எடுத்துட்டா வயிறு எரியும்! என்ன மனுஷனோ!” என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொரிந்து தள்ளினார்.

“அதுக்கு என்னை ஏன் திட்டறீங்க? முதல்ல காலைக் கழுவுங்க” என்றாள் அவள்.

மறுநாள் விடிந்ததும் கடைக்காரரின் சைக்கிளுக்குப் பின்னாலேயே போய்விட்டார். சைக்கிள் ஏரிக்கரைப் புதர் ஒன்றின் அருகே நின்றது. கடைக்காரர் புதருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குச்சியை ஆட்டிக் காக்கைகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

“மாட்டினீங்களா! எங்கே உங்க கேமரா?”

“வித்துட்டேன் சார்.”

“அப்போ நகருங்க, நான் எடுக்கறேன். அடடா, அதோ கூடு! இந்த இலைதான் மறைக்குது. ரெண்டைக் கிள்ளிட்டா போதும்…”

கடைக்காரர் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம் சார். போன வருஷம் எல்லாரும் கைதட்டி எனக்கு முதல் பரிசு கொடுத்தீங்களே, ஒரு கூட்டுப் படம்? அன்னைக்கு நானும் ரெண்டு இலையைத்தான் கிள்ளினேன். மறுநாள் காக்காய்க்கும் கூடு தெளிவாத் தெரிஞ்சுது.”