தண்டவாளம் ஏற்றிய லாரி

சரக்கு ரயிலுக்கான புதிய பாதைக்குத் தண்டவாளம் ஏற்றி வந்த லாரி டிரைவர் சூசை, காலையிலிருந்து நெடுஞ்சாலை நெரிசலில் நின்றான். இந்த ரயில் வந்தால் லாரித் தொழில் படுத்துவிடும் என்று வழியெல்லாம் புலம்பியவன் அவன். வெயிலில் நடந்து வந்த சாலைப் பணிப் பொறியாளர் சொன்னார்: "ரயில் வேலைய நிறுத்திட்டாங்கப்பா. அந்தப் பணத்துலதான் இந்த ரோட்ட ஆறு வழியா அகலப்படுத்துறோம். தண்டவாளம் எல்லாத்தையும் இங்கயே எறக்கிடு, ரோட்டோரத் தடுப்புக்கு ஆகும்."

சூசைக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை லாரிகள் நின்றன.

"இப்ப ரெண்டு வரிசையா நிக்கிறோம். அப்புறம் ஆறு வரிசையா நிக்கணுமா சார்?"

"என்னைக் கேட்டா எப்படி? எறக்குப்பா."

"எறக்க மாட்டேன்."

லாரிச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கொதிக்கும் தண்டவாளங்களின் மேல் ஏறி உட்கார்ந்தான். அப்போதுதான் முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. சூசை அசையவில்லை.