மூன்று மில்லிமீட்டர்

"ஃபிரேம் அக்காவை இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்."

ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே மனைவியிடம் சொன்னார் கடைக்காரர். இருபது வருஷம் ஒரு கம்பெனியில் விற்பனை வேலை பார்த்துவிட்டு, ஐந்து மாதம் முன்னால்தான் சொந்தமாக மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார்.

கடைக்கு ஆள் வரத்தான் செய்தார்கள். வந்தவர்களில் சிலர் மறுவாரமே திரும்பி வந்ததுதான் தொல்லை. தலை வலிக்கிறது என்றார்கள். படி இறங்கினால் தரை மேலே ஏறி வருகிறது என்றார்கள். முந்தின நாள் ஒரு டீச்சர் புதுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "எங்க ஸ்கூல்ல ஒருத்தரும் இனி இங்க வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மனைவி துணி ஆலையில் தரம் பார்க்கிறவள். 'ஏன்' என்று கேட்பதற்குத்தான் அங்கே அவளுக்குச் சம்பளம்.

"அவங்கதான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க?"

"லென்ஸை வெட்டி ஃபிரேம்ல மாட்டுறது அவங்கதானே. கையில வேகம் கிடையாது, எல்லா வேகமும் வாயிலதான். மூக்குல சரியா உட்காருதான்னு பார்க்கிறேன்னு வர்றவங்களை உட்கார வச்சுக்கிட்டு, பிள்ளை என்ன படிக்குது, வீட்டுக்காரர் எங்க வேலைன்னு ஒரே கதை."

"திரும்பி வந்தது எல்லாமே அவங்க வெட்டினதா?"

"பின்ன? அவங்க லீவு போட்டா மட்டும்தான் வெளிப் பட்டறைக்கு அனுப்புவேன்."

"எங்க ஆலையில இப்படிப் பதில் சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. சாயங்காலம் ஆர்டர் நோட்டை எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தார். திரும்பி வந்தவை இருபத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஆர்டர் எடுத்த தேதி, கிழமை என்று மனைவி தனித்தாளில் எழுதினாள். பதினாறு புதன்கிழமை. மிச்சம் ஏழும் போன மாதம் ஒரே வாரத்தில்.

"புதன்கிழமை என்ன?"

"அக்காவுக்கு வார லீவு."

"போன மாசம் அந்த ஒரு வாரம்?"

"அவங்க பொண்ணுக்குப் பிரசவம்னு போயிருந்தாங்க." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. உடனே சுதாரித்துக்கொண்டார். "அப்போ அந்தப் பட்டறைக்காரன்தான்."

பட்டறைக்குப் போன் போட்டார். பட்டறைக்காரர் நிதானமாகச் சொன்னார்: "நீங்க சீட்டுல எழுதி அனுப்புற அளவுக்குத்தான் சார் வெட்டுறோம். சீட்டெல்லாம் பத்திரமா வச்சிருக்கேன், உங்க கையெழுத்துதான்."

"அளவு யார் எடுக்கிறது?" என்றாள் மனைவி.

"நான்தான். ரெண்டு கண்மணிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு ஸ்கேல் வச்சுப் பார்க்கணும், அவ்வளவுதான். அதுல என்ன தப்பு வரப்போகுது?"

"மத்த நாளும் நீங்கதானே எடுக்கிறீங்க. அது மட்டும் எப்படிச் சரியா இருக்கு?"

அவர் நோட்டைத் திரும்பப் புரட்டினார்; மற்ற நாள் ஆர்டர் எல்லாம் அக்கா கை வழியாகப் போனவை.

மறுநாள் கடை திறந்ததும் நேராக உள் அறைக்குப் போனார். ஃபிரேம் அக்கா லென்ஸ் வெட்டும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் எழுதற அளவை நீங்க மாத்துறீங்களா?"

அக்கா துணியை மடித்து ஓரமாக வைத்தார்.

"மாத்துறேன் சார். மூக்கைப் பார்க்கிறேன்னு உட்கார வச்சு இன்னொரு தடவை அளந்துடுவேன். ஸ்கேலைக் கிட்ட கொண்டுபோனா கண்ணு அங்கயும் இங்கயும் அலையும் சார். பேச்சுக் கொடுத்தாத்தான் நேரா பார்ப்பாங்க."

"அளவு அவ்வளவு தப்பாவா இருக்கு?"

"சிலதுல மூணு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். நாலும் இருந்திருக்கு."

"என் கை ஆடுதா?"

"கை ஆடலை சார்." கொஞ்சம் தயங்கினார். "ஸ்கேல்ல கோடு உங்களுக்குத் தெரியலை."

கடைக்காரருக்கு நாற்பத்தெட்டு வயது. 'நாற்பது தாண்டினா வெட்கப்படாமக் கண்ணாடி போட்டுக்கணும்' என்று வருகிறவர்களிடம் தினம் சொல்கிறவர். உங்களுக்கு வேண்டாமா என்று யாராவது கேட்டால், 'எனக்கு இன்னும் அந்த அவசியம் வரலை' என்று சிரிப்பார்.

இப்போது சிரிப்பு வரவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"கண்ணாடிக் கடை முதலாளிக்கே கண்ணு சரியாத் தெரியலைன்னு ஒரு பேச்சு வெளியே போனா, புதுக் கடை தாங்குமா சார்? புதன்கிழமையும் வந்துடலாம்னுதான் பார்த்தேன். மாமியாரை அன்னைக்கு நான்தான் டயாலிசிஸ் பண்ண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

அக்காவை நிறுத்தப் பார்த்ததை எந்த வாயால் சொல்வது? கடைக்காரர் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"எனக்கு ஒண்ணு செய்யணும் அக்கா. எத்தனை நாள் ஆகும்?"

அக்கா மேஜை இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"கடை திறந்த மூணாவது நாளே உங்க வயசுக்கு வர்ற பவர்ல செஞ்சுட்டேன் சார். நீங்களா கேட்கட்டும்னுதான் வச்சிருந்தேன்."