சீந்தில் இறக்கிய நூல்

நூல் மண்ணைத் தொட இன்னும் நான்கு விரல் இடைவெளி இருந்தது.

வாசல் முழுக்கப் போன வருஷமே சிமெண்ட் பூசியாகிவிட்டது. அதனால் நூலுக்கு நேர் கீழே, பழைய பெயிண்ட் வாளியில் மண் போட்டு வைத்திருந்தாள் அன்புக்கரசி.

மேலே, கேட்டின் இரும்பு வளைவு தெரியாதபடி சீந்தில் கொடி. இதயம் இதயமாக இலைகள். தெருவில் போகிறவர்கள் மணி பிளாண்ட் என்று நினைத்து ஒரு துண்டு கேட்பார்கள். அவள் புருஷன் வீரமணிக்குக் கோபம் வந்துவிடும்.

"மணி பிளாண்ட்டா? மருந்துய்யா இது!"

அவருக்கு அது ஒன்றுதான் மருந்து. சர்க்கரைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் தண்டை இடித்துக் கஷாயம் குடித்தார். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. இடித்த உரலைக் கழுவினால் கைகூட மறுநாள்வரை கசக்கும்.

வலது கால் கட்டைவிரலில் பட்ட சின்னக் காயம் இரண்டு மாதமாக ஆறவில்லை. அவலூர்பேட்டை பஸ்ஸில் பிரேக் மிதிக்கிற கால். இப்படியே விட்டால் விரலோடு நிற்காது என்று டாக்டர் அவளிடம்தான் சொன்னார். வீரமணி அப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து நோயாளிக்குச் சீந்திலின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு மறுநாள் கொடியின் அடித்தண்டு அறுபட்டுக் கிடந்தது.

தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வீரமணி கேட்டைப் பிடித்து நின்றபடி அவர்களை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினார். அன்புக்கரசி நிமிராமல் தயிர்சோறு பிசைந்தாள். மாங்காய் நறுக்கி வைத்தாள். அவர் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் தின்றார். என்ன தின்கிறோம் என்றே தெரியாத துக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

நான்கு நாளில், கேட்டுக்கு வெளியே வேர் இருந்த இடமும் பள்ளத்தோடு போய்விட்டது.

ஆனால் மேலே இருந்த கொடி காயவில்லை. பத்தாம் நாள், ராஜகிரி மலைக்கோட்டையிலிருந்து யாரோ ரகசியமாகக் கயிறு இறக்குவதுபோல, அதிலிருந்து நூல்போல ஒரு பச்சை விழுது காற்றில் இறங்கத் தொடங்கியது. மண்ணைத் தேடி.

வீரமணி அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார். "அது மண்ணப் புடிக்கட்டும். அன்னிக்கு உன் மாத்திரைய போட்டுக்கறேன்."

"புடிக்கலன்னா?"

"புடிக்கலன்னா இன்னா? அதுவும் இல்ல, இதுவும் இல்ல."

அன்றிலிருந்து அவளுக்கு அந்த நூலே கதி. ராஜகிரியிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று கேட்டின்மேல் உட்கார்ந்தபோது துடைப்பத்தோடு ஓடினாள். "நூலத் தொட்டுப் பாரு, உன் வால் இருக்காது!" என்று கத்தினாள். அமாவாசையன்று மேல்மலையனூர் கோயில் பஸ்கள் வரிசையாகப் போன காற்றில் நூல் ஆட, இவள் முந்தானையை விரித்துக் காற்றை மறைத்து நின்றாள்.

நூலுக்கு அவசரமில்லை. காயத்துக்கு இருந்தது.

அதனால் தினமும் விடியலில், கோலம் போடுவதற்கு முன், வாளியில் ஒரு கைப்பிடி மண்ணைக் கூட்டினாள். எட்டு மணிக்கு வீரமணி நொண்டியபடி வந்து வாளிக்குள் எட்டிப் பார்ப்பார்.

"பாரு அன்பு, ஒரே ராத்திரில எவ்ளோ எறங்கிருக்குது!"

நேற்றுக் கட்டு மாற்றும்போது விரல்நுனி கறுத்திருந்தது.

இனி கைப்பிடிக் கணக்கெல்லாம் உதவாது. இன்று, மலைப்பாறைகளில் வெயில் ஏறுவதற்குள், அந்த நான்கு விரலையும் ஒரேயடியாக நிரப்பினாள். நூலின் நுனியைச் சுற்றி மண்ணை மெல்ல அணைத்துத் தண்ணீர் தெளித்தாள்.

எட்டு மணிக்கு அவர் வந்தார். குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு கையை நீட்டினார். "மாத்திரைய குடு."

அவள் மாத்திரையும் தம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்தாள். ஒரே மடக்கில் விழுங்கினார்.

"ஆட்டோ சொல்லட்டுமா? காலையும் காட்டிட்டு வந்துடலாம்."

"சொல்லு."

தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவள் நகக்கண்ணில் ஒட்டியிருந்த ஈர மண்ணைப் பார்த்தார்.

"இன்னொரு தபா கொடிய அறுத்தேன்னா, கத்திய நல்லா கழுவிட்டு அப்பால மாங்கா நறுக்கு" என்றார். "மாங்கா புளிக்கும்டி. கசக்குமா?"