இரண்டு காதும் மூடி

ஒரு காதை மட்டும் திறந்து வைத்துப் பார்த்தான்.

வெறும் ரீங்காரம்.

ஹெட்போனின் மறுபக்கத்தையும் இழுத்துப் பொருத்தினான். இடக் காதில் ஓர் ஒலி, வலக் காதில் வேறோர் ஒலி. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று தலைக்குள் துடிக்கத் தொடங்கியது. கவனம் கூடும், மனம் அடங்கும் என்று அலுவலக நண்பன் அனுப்பியது.

பக்கத்து அறையில் ஆதிரை தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் தவழப் பழகியிருக்கும் மகள்.

மனைவி முத்துச்செல்வி இறந்த நாளிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவளுடைய அம்மாதான். இன்று கண் மருத்துவமனைக்குப் போயிருந்தாள். கிளம்பும்போது கறாராகச் சொல்லிவிட்டாள். இந்த ஒரு காலைப்பொழுதைத் தனியாகச் சமாளித்துவிட்டால் பிள்ளை அப்பாவிடமே இருக்கட்டும். இல்லையென்றால் சாயங்காலப் பேருந்தில் தன்னோடு கோவில்பட்டிக்கு.

மதியத்துக்குள் அனுப்ப வேண்டிய அறிக்கை திரையில் பாதியில் நின்றது.

ஐந்து நிமிடம் போதும்.

துடிப்பு சீரானது. தோள்கள் தளர்ந்தன. வெகுநாள் கழித்து வரிகள் தாமாக வந்தன. அடுத்த வரி. அதற்கடுத்தது.

அறிக்கை முடிந்தது.

கண் கடிகாரத்துக்குப் போனது.

ஹெட்போனைப் பிடுங்கி எடுத்தான்.

வீட்டில் சத்தமே இல்லை.

பாயில் ஆதிரை இல்லை.

குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. ஓடினான். வாளி நிறையத் தண்ணீர். தண்ணீர் மட்டும்தான். பால்கனி. கட்டிலுக்கடியில்.

அவன் வேலை பார்த்த மேசைக்கடியில், சுவரோரமாகச் சுருண்டு கிடந்தாள். தூக்கம். கன்னத்தில் காய்ந்த கோடுகள். மூச்சுக்கு நடுவே ஒரு விம்மல் வந்து உடைந்தது.

குனிந்தபோதுதான் பார்த்தான். அவன் கைலியின் ஓரம் எச்சிலில் நனைந்து கசங்கியிருந்தது.

பிடித்து இழுத்திருக்கிறாள்.

தூக்கிப்போய்ப் பாயில் கிடத்தினான். முகத்தைத் துடைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. துணியை நனைத்தான். பிழிந்தான். துடைக்காமலேயே கொடியில் போட்டுவிட்டான்.

படியில் செருப்புச் சத்தம்.

அத்தை சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தாள். சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்றாள்.

"புள்ள அழுதாளா, மாப்ள?"

"அழுதிருக்கா அத்தை. எனக்குக் கேக்கல."

அவள் நின்றாள்.

பிறகு நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தாள். மேசைமேல் கைபட்டதை எடுத்து, இது என்ன என்று கேட்டாள். சொன்னான். மனசு அடங்குமா என்றாள். கொஞ்ச நேரம் அடங்கும் என்றான்.

கொண்டை கலையாமல் அதை மாட்டிக்கொண்டு கண்களை மூடினாள். அவன் பொத்தானை அழுத்தினான்.

உள்ளே ஆதிரை விழித்துக்கொண்டாள். சிணுங்கல். பிறகு வீறிட்ட அழுகை.

அத்தை கண்ணைத் திறக்கவில்லை. மடிமேல் இருந்த விரல்கள் மட்டும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டன.

அவன் எழுந்தான்.