பச்சைக் கட்டம்

களியக்காவிளையில் ஒரு மருத்துவர் அறை. பதினோரு மணி வெயில் மேசைக் கண்ணாடியில் விழுந்து கண்ணைக் கூசுகிறது. வளைகுடா வேலைக்குப் பரிசோதனைக்கு வந்திருக்கும் டெனிஷின் மாரடைப்பு அபாயத்தைக் கணினி கணக்கிட்டு, பச்சைக் கட்டத்தில் ‘குறைவு’ என்று காட்டுகிறது. பக்கத்தில் அவன் அண்ணி ஜாஸ்பின். அவள் கணவன் முப்பத்தெட்டு வயதில் வளைகுடாவில்தான் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தான். “அவருக்கும் இதே மேசையில பச்சைதான் சார் காட்டிச்சு,” என்கிறாள். மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். “வெள்ளக்காரங்கள வச்சுப் போட்ட கணக்கும்மா இது. நம்ம ஆளுகளுக்கு அட்டாக்கு முந்தியே வரும்.” “அத அன்னைக்கு ஏன் சார் சொல்லேல?” சாலையில் ஒரு பேருந்தின் ஹாரன் நீளமாக ஒலித்து அடங்குகிறது. “மைனி, வியாழக்கிழமை பிளைட்டு,” என்கிறான் டெனிஷ், தரையைப் பார்த்தபடி. அவள் அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். மருத்துவர் தலைநிமிராமல் அவன் படிவத்தில் ‘தகுதி’ என்று முத்திரை குத்துகிறார்.