குழாய் கண்டுபிடித்த நாற்றம்

ஒரு சின்னப் பாய்மரப் படகின் அடிவயிற்றில், கக்கூஸ் கழிவைச் சேர்த்துவைக்கும் தொட்டி ஒன்று இருந்தது. கழிவை அதில் கொண்டுபோய்ச் சேர்த்த ரப்பர் குழாய்க்கு வாழ்க்கையில் ஒரே மனக்குறைதான். படகு நாறியது.

"எல்லாம் இந்தத் தொட்டிப்பயலால வர்றதுதான் அக்கா," என்று குழாய் படகின் பாயிடம் புலம்பாத நாளில்லை. "நான் வந்ததை அப்படியே தள்ளிவிட்டுடுறேன். சேர்த்துவச்சிக்கிறவன்தானே நாறுவான்?"

மேலே காற்றோட்டமாக நின்ற பாய்க்கு அது நியாயமாகத்தான் பட்டது. தொட்டி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று அதற்கே தெரியும்.

ஒருநாள் படகுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவந்து, தொட்டியைக் கழற்றி வெளியே எடுத்துப் போனார்.

"விட்டுது சனியன்!" என்று குழாய் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. அந்த மூச்சு பட்டு மேலே பாய் முகத்தைச் சுளித்தது.

பளபளவென்று புதுத் தொட்டி வந்து உட்கார்ந்தது. "குழாய்க்கென்ன, கல்லு மாதிரி இருக்கு," என்று படகுக்காரர் பழைய குழாயையே அதில் மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் குழாய் முகர்ந்து பார்த்தது. அதே நாற்றம்.

"ஏன் தம்பி, வந்த மறுநாளே இப்படியா?"

புதுத் தொட்டி பதறிப்போனது. "அண்ணே, எனக்குள்ள இன்னும் ஒரு சொட்டுகூட விழலையே!"

குழாய் மேலே பார்த்துக் கத்தியது:

"கேட்டியாக்கா? ஒரு சொட்டு விழறதுக்குள்ளயே இந்த நாத்தம்னா, இவன் ரொம்பினா நம்ம கதி என்ன?"